படித்தவரெல்லாம் வாத்தியார் ஆகலாமா?

நமது குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ பி. எஸ்ஸி. தேறி வீட்டுக்கு வந்ததும், மாமாவோ சித்தப்பாவோ முதலில் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "எதற்கும் ஒரு பி. எட். முடித்து வைக்கட்டும்" என்பதே அது. அந்த 'எதற்கும்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். மழை வந்தாலும் வரும், எதற்கும் இருக்கட்டும் என்று குடையைக் கையில் எடுத்துக்கொள்வது போல, உபாத்தியாயர் பட்டத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குடை ஓட்டையாக இருந்தால் நனைகிறவன் ஒருவன்தான். உபாத்தியாயருடைய பயிற்சி ஓட்டையாக இருந்தால் நனைகிறவர்கள் வருஷத்துக்கு நூறு குழந்தைகள்.

இந்த விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நாமும் ஒரு பட்டதாரி உபாத்தியாயர்தான். நமது பள்ளிக்கு ஆண்டுதோறும் பயிற்சி ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்கள் வகுப்பு நடத்தும்போது கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து பார்ப்பது நமது வேலைகளில் ஒன்று. அப்படிப் பார்த்ததில் ஒரு வாரத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பானையும் பாடமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மணப்பாறையைத் தாண்டித் திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது வையம்பட்டி. மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, திருச்சி ஜில்லா என்றால் காவிரியும் வாழைத் தோட்டமுந்தான் என்று எண்ணியிருப்பவர்கள் ஒரு தடவை இந்தப் பக்கம் வரவேண்டும். இது வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இருந்தால் விவசாயம். இல்லாவிட்டால் ஆடு மாடு. பள்ளிக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் கூலி வேலை செய்கிறவர்களின் மக்கள்.

இங்கே பயிற்சிக்கு வந்த ஒரு பெண், பௌதிகம் படித்த பட்டதாரி. அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். ஒன்பதாம் வகுப்புக்கு 'ஆவியாதல்' என்னும் பாடம். வர்ணக் காகிதத்தில் படங்கள் ஒட்டி, பாடக் குறிப்பை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாற்பது நிமிஷத்தில் பாடம் முடிந்தது. "புரிந்ததா?" என்று கேட்டார். "புரிந்தது டீச்சர்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கோஷம் போட்டது.

நாம் எழுந்து முன் வரிசைப் பையன் ஒருவனைக் கேட்டோம்: "தம்பி, கோடைக்காலத்தில் பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது?"

அவன் சிறிது யோசித்துவிட்டு, "அது இந்தப் பாடத்தில் இல்லை, ஸார்" என்றான்.

ஆசிரியர் அறைக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, பாடத்தில் ஒரு தப்பும் இல்லையே, ஏன் வருத்தம்?" என்றோம்.

"முடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன், ஸார். பிள்ளைகள் ஆரம்பிக்கவே இல்லை போலிருக்கிறது" என்றார்.

இருபது வருஷம் பாடம் நடத்திவிட்டு இதை உணராதவர்கள் உண்டு. இவர் ஒரே நாளில் உணர்ந்துவிட்டார். மறுநாள் வர்ணப் படம் ஒன்றும் கொண்டு வரவில்லை. ஒரு மண்பானை நிறையத் தண்ணீரும், ஓர் எவர்சில்வர் குடம் நிறையத் தண்ணீரும் கொண்டு வந்து வகுப்பில் வைத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பானையின் வெளிப்புறம் ஈரமாக இருப்பானேன், அந்த ஈரம் எங்கே போகிறது, போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். வகுப்பில் சத்தம் அதிகமாயிற்று. ஆனால் அது நல்ல சத்தம்.

அப்போது கடைசி வரிசையில், அந்த வருஷம் முழுவதும் வாய் திறந்து நாம் பார்த்திராத ஒரு சிறுமி எழுந்தாள். "பழைய பானையிலே இவ்வளவு குளிராது, டீச்சர். எங்கள் அப்பாயி கோடைக்குக் கோடை புதுப் பானைதான் வாங்கும்" என்றாள்.

பயிற்சி ஆசிரியர் ஒரு கணம் திகைத்தார். அவருடைய பாடக் குறிப்பில் அது இல்லை. அதட்டி உட்கார வைத்திருக்கலாம்; ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்குத் தெரிந்துகொண்டு வருகிறேன். நீங்களும் வீட்டில் கேட்டு வாருங்கள்" என்றார்.

மறுநாள் வகுப்பில் விடைகள் வந்து குவிந்தன. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த உப்பு பானையின் நுண்ணிய துவாரங்களில் நாளடைவில் படிந்து அடைத்துவிடுகிறது. நீர் வெளியே கசியாவிட்டால் ஆவியாவதும் குறையும், குளிர்ச்சியும் குறையும். அந்தச் சிறுமியின் பாட்டி பௌதிகம் படித்தவளல்ல. ஆனாலும் அவளுடைய அநுபவம் அன்று வகுப்பில் பாடமாயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சிறுமி வாய் மூடி உட்கார்ந்திருந்ததை நாம் பார்க்கவில்லை.

ஒரு பட்டதாரிக்கும் உபாத்தியாயருக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். ஆனால் இந்தத் தூரத்தைப் புத்தகம் படித்துக் கடக்க முடியாது. குழந்தைகளின் முன்னால் நின்றுதான் கடக்க வேண்டும்.

திண்ணையிலிருந்து லண்டனுக்கு

பாடம் சொல்லுவதற்கென்று ஒரு வித்தை உண்டு என்பதே மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தது என்று சிலர் நினைக்கிறார்கள். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

1789-ல் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளிக்குத் தலைவரானார். அவருக்குப் போதிய உபாத்தியாயர்கள் கிடைக்கவில்லை. ஒரு நாள் நம்மவருடைய திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரிய பையன்கள் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நமது சட்டாம்பிள்ளை முறைதான் அது. பெல் அதையே தம் பள்ளியில் கையாண்டு, 1797-ல் லண்டனில் ஒரு புத்தகமும் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடே பரவிற்று.

இதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிறுத்திவிடுவது நியாயமல்ல. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏற முடியவில்லை. பெண் குழந்தைகளுக்கு அங்கே அநேகமாக இடமே இல்லை. மணலில் எழுதும் முறை லண்டன் வரையில் போயிற்று. பக்கத்துத் தெருச் சேரிக் குழந்தைக்கு அது எட்டவில்லை. பிறகு வந்த பயிற்சிக் கலாசாலைகள் தீர்க்க வேண்டியிருந்த கடன்களில் இதுவும் ஒன்று.

சைதாப்பேட்டை வழி

1854-ல் வந்த சார்லஸ் வுட் துரையின் கல்வி அறிக்கை, உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பள்ளிகள் வேண்டும் என்று வற்புறுத்தியது. சென்னையில் 1856-ல் ஓர் அரசாங்க நார்மல் ஸ்கூல் ஏற்பட்டது. அதுவே பின்னால் சைதாப்பேட்டைக்கு மாறி டீச்சர்ஸ் காலேஜ் ஆயிற்று. பட்டதாரிகள் அங்கே போய் 'எல். டி.' பட்டம் வாங்கி வந்தார்கள். பழைய குடும்பங்களின் புகைப்படங்களில் தலைப்பாகையும் கோட்டுமாக நிற்கும் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் 'பி. ஏ., எல். டி.' என்று எழுதியிருப்பதைப் பல நேயர்கள் பார்த்திருப்பார்கள்.

ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் அந்தப் படியில் ஏறியவரே. 1909-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் வேலைக்கு அமர்ந்த அவர், அடுத்த ஆண்டு சைதாப்பேட்டைப் பயிற்சிக்குப் போக நேர்ந்தது. எம். ஏ. பட்டம் பெற்ற தத்துவ சாஸ்திரிக்கும் பயிற்சி தேவையென்று அக்காலத்தவர் கருதினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. அவர் பிறந்த செப்டம்பர் 5-ந் தேதியை 1962 முதல் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது.

நமது தாய்மார்கள் மறக்கக்கூடாத பெயர் ஸிஸ்டர் சுப்புலக்ஷ்மி. பால்ய விதவையாகிய அவர் 1911-ல் பி. ஏ. பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்குச் சென்னையில் ஓர் இல்லம் அமைத்து, அவர்களைப் படிக்க வைத்து, உபாத்தியாயினிகளாக்கினார். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி அவருடைய பொறுப்பில் வளர்ந்தது. மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் வகுப்பறையின் முன்னால் நிமிர்ந்து நின்றார்கள். உபாத்தியாயர் பயிற்சி என்பது வெறும் உத்தியோகத்துக்கு வழி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் அந்தக் கல்லூரிகளிலும் ஒரு குறை புகுந்தது. ஹெர்பார்ட் என்ற ஜெர்மன் தத்துவ ஞானியின் சீடர்கள், எந்தப் பாடத்தையும் ஐந்து படிகளில் நடத்த வேண்டும் என்று வகுத்தார்கள்: ஆயத்தம் செய்தல், விஷயத்தை எடுத்துரைத்தல், தெரிந்ததோடு ஒப்பிடுதல், பொதுவிதி காணுதல், அதைப் பிரயோகித்தல். யோசனை நல்லதுதான். பானையைத் தொட்டுப் பார்த்து, குடத்தோடு ஒப்பிட்டு, விதியைக் கண்டு, பழைய பானையில் அந்த விதியைப் பொருத்திப் பார்த்ததும் இந்த ஐந்து படிகள்தாமே? ஆனால் நாளடைவில் படிகள் நோட்டுப் புத்தகத்தில் கட்டங்களாகிவிட்டன. கட்டத்தை நிரப்பினால் மார்க் என்று ஆயிற்று.

இதற்கு மாற்று மருந்தைக் காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் சொன்னார். கையால் செய்யும் தொழிலை நடுவில் வைத்து, தாய்மொழியில், ஊர் வாழ்க்கையிலிருந்தே பாடம் பிறக்க வேண்டும் என்பது அவருடைய ஆதாரக் கல்வித் திட்டம். டாக்டர் ஜாகிர் ஹுஸேன் தலைமையில் ஒரு கமிட்டி அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. வையம்பட்டி வழியாகப் போகும் அதே சாலையில் திண்டுக்கல்லைத் தாண்டிச் சென்றால் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் அதை நிறுவினார்கள். ஆதாரக் கல்வி நாட்டில் நிலைத்து நிற்கவில்லை. ஆயினும் மண்பானை ஒன்று வகுப்புக்குள் வந்ததும் ஊமைக் குழந்தை பேசியதைப் பார்த்தபோது, கிழவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்றே நமக்குத் தோன்றிற்று.

இன்றைய பயிற்சி

இப்போதைய ஏற்பாடு என்ன? உபாத்தியாயர் கல்விக்கென்று தேசியக் கவுன்ஸில் ஒன்று 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கெனவே ஒரு சர்வகலாசாலை 2008-ல் பிறந்தது. நாம் படித்த நாளில் பி. எட். ஓராண்டுப் படிப்பு, 2015 முதல் அது இரண்டாண்டாயிற்று. அந்த இரண்டாண்டில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் கழிய வேண்டும் என்பது விதி. காகிதத்தில் பார்த்தால் நமது காலத்தைவிட இது எவ்வளவோ மேல். நாம் நாற்பது நாள் பயிற்சி என்று போய், பாடக் குறிப்புகளில் பாதியைக் கடைசிப் பத்து இரவுகளில் எழுதித் தள்ளியவர்கள். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கந்தான். ஆனால் ஒப்புக்கொள்ளாமல் பிறரைக் குறை சொல்லக்கூடாது.

காலம் நீண்டது, குணம் உயர்ந்ததா? உயர் நீதிமன்றத்துக்கும் மேற்பட்ட சுப்ரீம் கோர்ட்டார் நியமித்த நீதிபதி ஜே. எஸ். வர்மா கமிஷன் 2012-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. நாட்டிலுள்ள பதினாயிரத்துக்கு மேற்பட்ட தனித்தனிப் பயிற்சி நிலையங்களில் பெரும்பாலானவை உண்மையான பயிற்சிக்கு முயலுவதுகூட இல்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்பது அந்தக் கமிஷனின் முடிவு என்று 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துச் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற அம்சங்களில் நேயர்களுக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், இந்த ஒரு வாக்கியத்தை மறுக்க உபாத்தியாயர் யாரும் முன்வரமாட்டார்கள்.

நமது பயிற்சி ஆசிரியரின் சிநேகிதி ஒருத்தி, வேறொரு கல்லூரியில் சேர்ந்திருந்தாளாம். அங்கே வகுப்புக்கு வர வேண்டியதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு வந்தால் போதும் என்று சொன்னார்களாம். "நீயும் அங்கே சேர்ந்திருந்தால் பஸ் செலவாவது மிஞ்சியிருக்குமே" என்று தோழி கேட்டதற்கு, "வேலை கிடைத்த பிறகு வகுப்பில் போய் என்ன செய்வது?" என்று இவர் பதில் சொன்னாராம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவருடைய தாயார் கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில்தான் அந்த இரண்டு வருஷமும் நடந்தது என்பது நமக்குத் தெரியும். ஆகையால் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டத்தோடு வழி முடிவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர், 150 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்விலும் தேற வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் சுமார் 2,450 பேரே. கொடுத்த ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று குறை எழுந்து, அதே ஆண்டு மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடியும் நடத்தியபோது சுமார் 19,000 பேர் தேறினார்கள். நேரத்தை இரட்டித்ததும் தேறியவர் தொகை பல மடங்கு ஆயிற்று என்பது பரீட்சையின் குறையைக் காட்டுகிறது. அப்போதும் லட்சக்கணக்கானவர் தேறவில்லை என்பது பயிற்சியின் குறையைக் காட்டுகிறது. மேலும், பட்டியலில் நாலு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் பரீட்சை, பானைக் கேள்விக்கு "எனக்குத் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன்" என்ற உபாத்தியாயரை அடையாளம் காண முடியாது. அந்த விடைக்கு அதில் கட்டமே இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

ஓராண்டா, இரண்டாண்டா, பட்டப் படிப்போடு சேர்த்து நான்காண்டா என்று பெரியவர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். நமக்குத் தோன்றும் விஷயம் வேறு. வைத்தியக் கல்லூரி மாணவர் ஆஸ்பத்திரியில் ஓராண்டு பெரிய டாக்டரின் கண் பார்வையில் பணி செய்த பிறகுதான் தனியாக நாடி பிடிக்க அநுமதிக்கப்படுகிறார். வாத்தியார் பயிற்சியிலும் பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி. அங்கே கழியும் 20 வாரம் உண்மையாகக் கழிந்தால் மற்றக் குறைகளில் பாதி தானே தீரும்.

அது உண்மையாகக் கழிய மூன்று தரப்பினரும் மனம் வைக்க வேண்டும். கல்லூரிக்காரர்கள், நோட்டுப் புத்தகத்தின் அட்டையையும் படத்தையும் பார்த்து மார்க் போடுவதைக் குறைத்து, வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து மார்க் போட வேண்டும். அந்தப் பெண் பானையோடு நடத்திய பாடம், 'குறித்த பகுதி முடியவில்லை' என்ற குறிப்போடுதான் பதிவேட்டில் ஏறியது. படங்கள் ஒட்டிய முதல் நாள் பாடத்துக்கே நல்ல மார்க் விழுந்தது.

பள்ளிக்கூடத்தாராகிய நாமும் யோக்கியர்களல்ல. பயிற்சி ஆசிரியர் வந்ததும், 'அப்பாடா' என்று வகுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு வேறு காரியம் பார்க்கப் போகிறோம். காலியான இடங்களுக்குச் சம்பளமில்லாத ஆளாக அவரை உபயோகிக்கிறோம். வழிகாட்டி ஆசிரியர் என்ற பெயருக்கு ஏற்ப, வாரம் இரண்டு பாடமாவது கூட உட்கார்ந்து பார்த்து, பிறகு தனியே அழைத்து, நல்லதை முதலிலும் குறையைப் பின்னாலும் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தைத் தொடங்கி, பரீட்சை வைத்து, விடைத்தாளைத் திருத்தி, தேறாத பிள்ளைக்கு மறுபடி சொல்லிக் கொடுப்பது வரையில் அவர் கையிலேயே விட வேண்டும். தேறாத பிள்ளையிடத்தில்தான் தொழில் பழகும்.

மூன்றாம் தரப்பினர் இதை வாசிக்கும் குடும்பத்தார்கள். உங்கள் வீட்டில் ஒரு பட்டதாரி 'எதற்கும்' என்று பி. எட். படிக்கப் புறப்பட்டால், கல்லூரி வாசலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பள்ளியில், எத்தனை வாரம், யார் பார்வையில் வகுப்பு நடத்துவார்?" திருப்தியான பதில் வராவிட்டால், கட்டணம் எவ்வளவு குறைவாயிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நம் பகுதியிலேயே புதுக்கோட்டையிலும் ஒரத்தநாட்டிலும் அரசாங்கக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நேர்மையாக நடத்தும் தனியார் கல்லூரிகளும் இல்லாமல் இல்லை. உங்கள் குழந்தையின் வகுப்புக்கு ஒரு பயிற்சி ஆசிரியர் வந்திருந்தால், "பழகுகிறவர்தானே" என்று அலட்சியம் செய்ய வேண்டாம். அன்றைக்கு என்ன கேள்வி கேட்டார் என்று குழந்தையை விசாரியுங்கள்.

பயிற்சிக் காலம் முடிந்து அந்தப் பெண் விடைபெற்றுக்கொண்டபோது, பானையை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் அதில் தினமும் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். கோடை வந்தது. ஒரு நாள் அந்தச் சிறுமி நம்மிடம் வந்து, "ஸார், இது பழசாகிவிட்டது. வேறு வாங்க வேண்டும்" என்றாள். வாங்கித் தந்தோம். அவளுக்கு மேலே படித்து டீச்சராக வேண்டுமென்று ஆசை. அவள் பட்டதாரியாகிப் பயிற்சிக்குப் போகும் நாளில், அவளை ஏமாற்றாத ஒரு கல்லூரியும், அவள் பாடத்தைக் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து பொறுமையாய்க் கேட்கும் ஒரு பள்ளியும் இந்த நாட்டில் தயாராக இருக்க வேண்டும். அதுவே நமது கோரிக்கை.